பெட்டிப் பழமும் வேலியோரப் பழமும்

பழைய ரப்பர் வளையத்தை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். புதிதில் துள்ளிய வளையம் நாளாக நாளாகப் பிசுபிசுத்து, வெடித்து, தொட்டதும் அறுந்துவிடும். காற்றிலுள்ள பிராணவாயு அதை மெல்ல மெல்லக் கெடுப்பதே காரணம். இதைத் தடுக்கத் தொழிற்சாலைகளில் ரப்பருடன் சில பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவற்றுக்கு 'ஆன்டிஆக்சிடண்ட்' என்று பெயர். பால்மரத்தை நம்பி வாழ்ந்த நமக்கு இந்தச் சொல் ஒரு வகையில் தூரத்து உறவுதான்!

இப்போது அதே சொல் பழப்பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பெட்டியோ சிறிது, விலையோ பெரிது. வாங்கலாமா, வேண்டாமா என்று தாய்மார்கள் தயங்குவதைப் பட்டணத்துக் கடைகளில் நானே பார்த்திருக்கிறேன். ஆகவே, அதில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் பழங்களின் சாயமே அந்தச் சத்து. அந்தோசயனின் என்பது அதன் குடும்பப் பெயர். ஸ்ட்ராபெரியின் சிவப்புக்குப் பெலார்கோனிடின் வகை. பிளாக்பெரியின் கருமைக்குச் சயனிடின் வகை. புளுபெரியின் நீலத்துக்கு மால்விடின், டெல்பினிடின் வகைகள். பழம் பழுக்கப் பழுக்க நிறம் ஏறும், சத்தும் ஏறும்.

ஒரே பழத்திலும் ரகத்துக்கு ரகம் வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் எலிசபெத் வைட் என்ற அம்மையார், காட்டுப் புளுபெரி பறிக்கும் மக்களிடம் பெரிய பழம் காய்க்கும் செடிகளைக் காட்டச் சொல்லிக் கூலியும் கொடுத்தார். கண்டுபிடித்தவர் பெயரையே செடிக்கும் சூட்டினார். பிரடெரிக் கோவில் என்ற தாவர அறிஞருடன் சேர்ந்து 1916இல் முதல் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பினார். தோட்டத்துப் புளுபெரிக்குச் சாயம் தோலில்தான். உள்ளே வெளிறிய சதை. ஆகவே பழம் சிறிதாக இருந்தால் எடைக்குத் தோல் அதிகம், சாயமும் அதிகம். பெரிய பழம்தான் சிறந்தது என்று எண்ண வேண்டியதில்லை.

வைட்டமின் சி கணக்கு இன்னும் வேடிக்கையானது. 100 கிராம் புளுபெரியில் சுமார் 10 மில்லிகிராம். ஸ்ட்ராபெரியில் சுமார் 60. நம் வீட்டுக் கொல்லைக் கொய்யாவிலோ 100க்கும் மேல்!

என் அக்காள் முப்பது வருடம் மரம் சீவியவர்; இனிப்பு நீர் உள்ளவர். வீடு தேடி வந்த ஒரு விற்பனையாளர், "இந்தப் பெரி சாற்றைக் குடித்தால் மாத்திரையே வேண்டாம்மா" என்று சொல்லி இரண்டு போத்தல்களை விற்றுவிட்டார். அக்காளும் நம்பி மாத்திரையை நிறுத்தினார். மூன்றாவது வாரம் தலைசுற்றி விழுந்தவரைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்தது. போத்தலைப் படித்த தாதி, "இதிலேயே சீனி சேர்த்திருக்கிறதே, அக்கா" என்றார்.

சோதனைக் குழாயில் பழச்சாறு காட்டும் வேகத்தை உடம்புக்குள்ளும் காட்டும் என்று சொல்ல முடியாது. இந்த வேகத்தை எண்ணாகப் போட்டிருந்த ஒரு பட்டியலை அமெரிக்க விவசாயத் துறையே 2012இல் நீக்கிவிட்டது. வியாபாரிகள் அந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம்.

பழம் உணவு, மருந்துக்கு மாற்று ஆகாது. கேமரன் மலைக்குப் போனால் பிள்ளைகளுக்கு நன்றாகச் சிவந்த ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடுங்கள். வேலியோரம் ஒரு மல்பெரிக் குச்சியை ஊன்றி வையுங்கள்; எளிதில் வேர் பிடிக்கும். பிளாக்பெரியில் உள்ள அதே சயனிடின் சாயம்தான் அதன் கறுத்த பழத்திலும் இருக்கிறது. பிள்ளைகளின் நாக்கு கறுத்தால் ஏசாதீர்கள். அந்தக் கறுப்புக்குத்தான் கடையில் அவ்வளவு விலை!