கடைசிப் பாதைக்கு முன்

திங்கள்

கொழும்பு ரயில் வந்து நின்றதும் மட்டக்களப்பு நிலையத்து மேடை ஆட்களால் நிறையும். கொஞ்ச நேரத்தில் வெறிச்சோடிப் போகும். நகரத்து ஆட்கள் வாசலில் நிற்கும் ஓட்டோவில் ஏறிவிடுவார்கள். பையைத் தோளில் மாட்டி, பாலம் தாண்டிப் புளியந்தீவு பஸ் நிலையத்துக்குப் போகிறவர்களின் பயணம்தான் இன்னும் முடியாதது. காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று அது தெற்கே நீள்கிறது. 1928இல் இங்கே வந்து சேர்ந்த தண்டவாளம் அதற்கப்பால் ஓரடியும் நகரவில்லை. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் ரயில் வேண்டும் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள்.

இன்று கொழும்பில் வைத்தியம் முடித்துத் திரும்பிய ஒரு அம்மா, மருமகனின் கையைப் பிடித்தபடி என்னிடம் கேட்டார்: "மனே, இப்ப போனா மண்டூர்ப் பாதை கிடைக்குமோ?"

நேரம் நாலு தாண்டியிருந்தது. "கிடைக்கும், கெதியா போங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

புதன்

அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் மிதவையை. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. வவுணதீவுக்கு வலையிறவுப் பாலம் இருக்கிறது. கொக்கட்டிச்சோலைக்கு 2014இல் மண்முனைப் பாலம் வந்தது. அதுவரை அங்கேயும் பாதையில்தான் கடந்தார்கள். இன்னும் தெற்கே குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இன்றும் மிதப்புப் பாதைதான் போகிறது. இருட்டினால் அது நின்றுவிடும். பிறகு வாவியைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் ஓட்டோ கேட்கும் காசு, கொழும்பிலிருந்து மூன்றாம் வகுப்பில் வந்த காசைவிடக் கூட. நோயாளியோடு வருகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

வியாழன்

பாதை தவறினால், ரயில் ஏன் பிந்துகிறது என்று கோபப்படுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். மாகோவிலிருந்து இது ஒற்றைத் தண்டவாளம். எதிரே வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். இடையில் காட்டு யானைகளின் வழித்தடங்கள். 2025 பெப்ரவரி 20 அதிகாலை, இங்கிருந்து கொழும்புக்குப் போன மீனகயா ரயில் ஹபரணைப் பக்கம் ஒரு கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, வண்டி மெதுவாகவே வரட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் முன்பு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே பாலம். ரயில் கடக்கும்வரை பஸ் நிற்கும், லொறி நிற்கும், மாட்டு வண்டியும் நிற்கும். இப்போது இரண்டு இடத்திலும் வாகனங்களுக்குத் தனிப் பாலம். நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் ரயிலும் பஸ்ஸும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்ற அந்தப் பழக்கம் நிலையத்து வாசலிலாவது மிஞ்சியிருக்கலாம். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக ரயிலே வராமல் கிடந்த ஊர் இது. வந்து சேர்ந்த ரயிலின் சனத்தை வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு பஸ் அரை மணித்தியாலம் பொறுக்கக் கூடாதா?

சனி

பக்கத்து வீட்டு ஆசிரியையும் நானும் இருந்து இதைக் கேட்டு ஒரு கடிதத்தை எழுதி முடித்தோம். மூன்று பிரதி: நிலைய அதிபருக்கு, பஸ் சாலைக்கு, பிரதேச செயலகத்துக்கு. கேட்டிருப்பது இரண்டே விஷயம். பிற்பகல் ரயில் வந்த பிறகே நிலையத்து வாசலிலிருந்து களுவாஞ்சிகுடி வழியாகக் குருமண்வெளிக்கு ஒரு பஸ் புறப்பட வேண்டும். ரயில் பிந்தினால் அதுவும் பிந்த வேண்டும். மற்றது, அந்த பஸ் குருமண்வெளித் துறைக்குப் போய்ச் சேரும்வரை கடைசிப் பாதையை நிறுத்திவைக்க வேண்டும். பஸ் நடத்துநர் துறைக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும் என்று ஆசிரியை தன் கையெழுத்தில் கீழே சேர்த்தார். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.