கிடுகு தூக்கிய மாணவன்



"பள்ளிக்கூடத்தில் பகடை எதற்கு ஐயா?" என்று ஒரு தாயார் என்னிடம் வினவினார். நியாயமான வினாதான். சூதாட்டத்தால் சீரழிந்த குடும்பங்களைக் கண்ட தோட்டப்புறத்தில் அவ்வச்சம் எழுவது இயல்பே. அவருக்கு அளித்த விடையையே இங்குச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில் பணயம் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைமாந்தராகவே பேசுவர். எடுத்த செயல் பலித்ததா என்பதைப் பகடை கூறும். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் மறைவுக்கும் அளவு உண்டு. பாதி உடல் மறைந்தால் தற்காப்பில் 2 புள்ளி கூடும். முக்கால் மறைந்தால் 5. முழுதும் மறைந்தவரை நேரே குறிவைக்க இயலாது.

கோலசிலாங்கூர் மாணவர்களுக்குக் கோட்டை என்றாலே புக்கிட் மெலாவாத்திதான். 1784-இல் டச்சுக்காரர் கைப்பற்றி, மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்ட குன்று அது. அதனையொத்த ஒரு கற்பனைக் கோட்டையை எங்கள் கதையில் அமைத்தேன். மேலிருந்து அம்புகள் பாய்கின்றன. ஒதுங்க ஒரு மரமும் இல்லை.

மாணவர்கள் தோட்டத்தையே துணைக்கு அழைத்தனர். ஒருவன் கூரைத் தகரத்தைக் கேட்டான். ஒருத்தி செம்பனைக் குலை ஏற்றும் தள்ளுவண்டியைக் கவிழ்த்து அதன்பின் பதுங்கினாள். வகுப்பில் வாய் திறவாத நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "கதவைக் கழற்றி இருவர் தூக்கினால், பின்னால் நால்வர் வரலாம் ஐயா" என்றான்.

"தூக்குபவர் வாள் பிடிக்க முடியாதே?"

"பரவாயில்லை ஐயா, நான் தூக்குகிறேன்."

தகரத்தை அம்பு துளைக்குமா, கதவு எவ்வளவு கனம், எத்தனை அடி நடக்கலாம் என்று விவாதம் மூண்டது. கட்டுரை ஏட்டில் வற்புறுத்தினாலும் வராத 'ஏனெனில்', 'ஆகையால்' எல்லாம் அன்று தாமாகவே வந்தன. 'கிடுகு' என்ற சொல்லையும் கற்பித்தேன். முடைந்த தென்னங்கீற்றுக்கும் போர்க்களக் கேடயத்துக்கும் தமிழில் அதுவே பெயர்.

தாயார் மறுவாரம் வந்து அமர்ந்து பார்த்தார். கதவைத் தூக்கியவன் அவர் மகன்தான். "வீட்டில்கூட இவ்வளவு பேசமாட்டானே" என்று மட்டும் சொன்னார்.

ஒரு பகடை, கொஞ்சம் தாள், ஒரு மணி நேரம் போதும். நீங்களும் முயன்று பாருங்கள்.