குறிஞ்சியும் குழிப்பந்தும்

மலையூர்களில் உள்ள கோல்ஃப் விடுதிகள் வெளியிடும் வண்ணக் கையேடுகளை இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தோம். எல்லாவற்றிலும் ஒரே படம்தான். பின்னால் பனி மூடிய மலை, முன்னால் கம்பளம் போன்ற புல்வெளி, நடுவில் மட்டையும் சிரிப்புமாக ஓர் இளம் தம்பதி. நாங்கள் அறிந்த குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து கோல்ஃப் ஆடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற வீடுகளில் ஒருவர் ஆடுவார், இன்னொருவர் காத்திருப்பார். காத்திருப்பவரின் படம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

எங்கள் வீடும் அப்படித்தான். இருவரில் யார் ஆடுபவர், யார் ஆடாதவர் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. நண்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம், பாதிப்பேர் தவறாகத்தான் ஊகிப்பார்கள். (குழிப்பந்தாட்டம் என்று தனித்தமிழில் ஒரு சொல் உண்டு. ஆடுபவருக்கு அது பிடிக்காது. பல்லாங்குழி நினைவு வருகிறதாம்.) இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைக் காலைகள் ஆடுபவருக்குத் திடலிலும் ஆடாதவருக்குப் புத்தகங்களோடும் செடிகளோடும் கழிந்தன. மகன் வீட்டில் இருந்தவரை இது யாருக்கும் உறுத்தவில்லை. அவன் படிப்புக்காக வெளிநாடு சென்ற பிறகுதான், எங்கள் இருவருக்கும் பொதுவான காலைப்பொழுது என்று ஒன்று இல்லை என்பது தெரியவந்தது. காலை உணவு மேசையில் அவனைப் பற்றிப் பேசி முடித்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. நான்கு நாள் மலைக்குப் போய்வரலாம் என்ற முடிவின் பின்னணி இதுதான்.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் புரியும். மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி, அதன் உரிப்பொருள் புணர்தல். காடும் மேய்ச்சல் புல்வெளியும் முல்லை, அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்தவர் திரும்பும்வரை ஆற்றியிருத்தல். மலைமேல் இருக்கும் கோல்ஃப் திடல் இவ்விரண்டு திணைகளும் மயங்கிக் கிடக்கும் இடம். விடுதிக்காரர் குறிஞ்சி என்று சொல்லி அறையை விற்கிறார், ஆடாதவருக்கோ வாய்ப்பது முல்லை. பதினெட்டுக் குழிகளையும் நடந்து ஆடி முடிக்க நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். குளித்து, தேநீர் அருந்தி, தவறிய பந்துகளைப் பற்றிப் பேசி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம். நான்கு நாள் பயணத்தில் மூன்று காலைகள் இவ்வாறு போனால் சேர்ந்து இருந்ததாகக் கணக்கில் வருவது எவ்வளவு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலை விடுதியில் இது நிகழ்ந்தும் இருக்கிறது. பெயர் வேண்டாம். 'கோல்ஃப் விடுமுறை' என்று பதிவு செய்த பிறகுதான் திடல் விடுதிக்குச் சொந்தமில்லை என்பதும், அது முக்கால் மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு கிளப்பினுடையது என்பதும் தெரிந்தது. ஒரே கார்தான், அது ஆடுபவரோடு போய்விட்டது. ஆடாதவர் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பழைய வார இதழ்கள் இரண்டை அட்டை முதல் அட்டை வரை படித்தார். ஆகவே இம்முறை விடுதிகளிடம் வேறுவிதமான கேள்விகளைக் கேட்டோம். திடல் யாருடையது, ஒன்பது குழியா பதினெட்டா, விருந்தினர் கட்டணம் தனியா, ஹேண்டிகேப் சான்றிதழ் கேட்பார்களா என்பவை ஆடுபவரின் கேள்விகள். ஆடாதவர் கேட்டவை இரண்டே: ஆடாதவர் உடன் நடக்க அனுமதி உண்டா? பாதி வழியில் விலகிப்போனால் நடந்து சேரக்கூடிய தொலைவில் என்ன இருக்கிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் பல வரவேற்பறைகளில் நீண்ட மௌனமே பதிலாக வந்தது. ஒருவர் மட்டும், "ஸ்பா இருக்கிறது மேடம், சார்" என்று இருவரையும் சேர்த்துச் சமாளித்தார்.

வடக்கே போகவில்லை. குல்மார்க் 2,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, நான்கு நாளில் உடம்பு அந்த உயரத்துக்குப் பழகுவதே பெரிது. சிம்லாவுக்கு அருகிலுள்ள நால்தேராவின் மீது ஆசை இருந்தது. கர்சன் பிரபு அந்த இடத்தில் மயங்கித் தம் மகளின் பெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டார் என்பது வரலாறு. ஆனால் போகவர இரண்டு நாள் போய்விடும்.

நுவரெலியாவை விடுவதற்குத்தான் மனம் வரவில்லை. ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில், ஊரின் நடுவிலேயே பதினெட்டுக் குழித் திடல். ஆடாதவர் எந்தக் குழியில் சலித்துப்போனாலும் சாலையைக் கடந்து ஊருக்குள் வந்துவிடலாம். செங்கல் அஞ்சலகம், கிரகரி ஏரி, கடைத்தெருவில் காதில் விழும் மலையகத் தமிழ் எல்லாம் நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. காத்திருப்பவரை நினைத்து அமைத்த ஊர் போலவே இருக்கிறது. விடுப்பு நான்கு நாள் என்பதால் மட்டுமே அது தள்ளிப்போனது.

எஞ்சியவை உதகையும் கொடைக்கானலும். மூணாறிலும் தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஒன்பது குழித் திடல் ஒன்று உண்டு, வெலிங்டனிலும் ஒரு திடல் உண்டு, ஆனால் எங்கள் பேச்சு இவ்விரண்டு ஊர்களைச் சுற்றியே வந்தது. உதகையின் திடல் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில், 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து சமவெளியைவிட நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு கூடுதலாகப் பறக்கும். எந்தத் தொலைவுக்கு எந்த மட்டை என்று ஆடுபவர் ஒரு ஞாயிறு முழுவதும் தாளில் கணக்குப் போட்டார். ஆடாதவர் பார்த்தது வேறு. நீலகிரியின் இயல்பான முகம் முகடுகளில் புல்வெளியும் மடிப்புகளில் சோலையும்தான். தோடர்களின் எருமைகள் மேய்ந்த அந்தப் புல்வெளியை வெறும் நிலம் என்று கருதிய ஆங்கிலேயர், அதில் சீகையும் தைலமரமும் நட்டார்கள். விடுதலைக்குப் பின்னும் நடுவது தொடர்ந்தது. அந்த மரங்கள் அடைத்துக்கொண்ட மலையில், நிலத்தின் பழைய ஏற்ற இறக்கம் இன்னும் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் ஒன்று கோல்ஃப் திடல். அங்கே வெட்டிச் சீராக்கிய புல்லும், ஓரங்களில் பிரிட்டனிலிருந்து வந்த முட்புதரும் இருக்கின்றன என்பதும் உண்மை. ஸ்காட்லாந்தை நினைத்து ஏங்கியவர்கள் தமக்காகக் காத்துவைத்த இடம், தற்செயலாக மலையின் பழைய உருவத்தையும் ஓரளவு காத்திருக்கிறது. இதற்கு நன்றி சொல்வதா கூடாதா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் உதகையின் சரிவுகளில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்த முழங்காலோடு ஆடாதவர் நடக்க முடியாது என்பதில் உடன்பாடு இருந்தது.

கொடைக்கானல் சமதளம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அங்கேயும் ஏற்றம் உண்டு. ஆயினும் அந்த ஊரில் இன்னொன்று எங்களை இழுத்தது. கோல்ஃப் கிளப் தொடங்கியது 1895-இல். இயேசு சபையினர் செண்பகனூரில் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பிறகு அவர்கள் மலையின் தாவரங்களையும் உயிரினங்களையும் சேகரித்து ஓர் அருங்காட்சியகத்தை நிறைத்தார்கள். 1899-இல் ஊருக்கு மேலே சூரிய ஆய்வகம் வந்தது. பந்தை அடிப்பவர்கள், செடியைச் சேகரிப்பவர்கள், சூரியனைப் பார்ப்பவர்கள் ஆகிய மூவகையினரும் ஐந்தாண்டுக்குள் ஒரே குளிரைத் தேடி வந்திருக்கிறார்கள். பின்னர் 1936-இல், இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் சேர்ந்துகொண்டது.

ஆய்வகத்தின் வரலாற்றைப் படித்தபோது ஒரு தம்பதியைக் கண்டோம். ஜான் எவர்ஷெட் 1907-இல் தம் மனைவி மேரியுடன் கொடைக்கானல் வந்தார். 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அறிவியல் நூல்களில் அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. மேரியும் வானியலாளர்தான். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். தாந்தேயின் காவியத்தில் உள்ள வானியலைப் பற்றி மேரி தனியே ஒரு நூலும் எழுதினார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் அந்த மலையில், பகல் முழுவதும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்த இணை அது. இதைப் படித்த இரவு, ஊரைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது.

மற்றவை எளிதாக நடந்தன. கோடையில் கூட்டம், அக்டோபர் நவம்பரில் மழை, ஆகவே பிப்ரவரியின் வாரநாள்களைத் தேர்ந்தோம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக, நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் இ-பாஸ் பெறவேண்டும். இணையத்தில் ஐந்து நிமிட வேலை. பெரிய விடுதி எதிலும் தங்கவில்லை. ஏரிக்கும் திடலுக்கும் இடையில், தூண்பாறைக்குப் போகும் சாலையருகே ஒரு சிறிய விடுதியைப் பிடித்தோம். அவர்கள் கோல்ஃபைப் பற்றி எதையும் வாக்களிக்கவில்லை என்பதே அதற்குத் தகுதி. திடலுக்கு நாங்களே பேசி, விருந்தினர் கட்டணம் செலுத்தி, உடன் நடக்கவும் அனுமதி பெற்றோம். ஒப்பந்தம் இதுதான்: ஆடுபவர் ஒன்பது குழிகளோடு நிறுத்துவார், ஆடாதவர் முழங்கால் இடம் கொடுக்கும்வரை உடன் நடப்பார். மூன்று காலைகளில் இரண்டு இப்படி, மூன்றாவது ஆய்வகத்துக்கு.

முதல் நாள் நான்காவது குழியில் ஆட்டம் நின்றது. மூடுபனி விலகியபோது ஃபேர்வேயின் நடுவில் ஐந்து காட்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. (சங்கப் பாடல்களில் ஆமா என்று வருவது இதுவே என்பர். காட்டெருமை என்று எழுதுகிறோம், ஆனால் அது எருமையினம் அன்று.) முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தது போன்ற கால்கள், அதற்கு மேலே மலையின் ஒரு துண்டு. உடன் வந்த கேடி, அவை போகும்வரை நிற்கவேண்டும் என்றார், அவற்றை விரட்டும் வழக்கம் இல்லை. அரைமணி நேரம் நின்றோம். அந்த அரைமணியில் ஆடுபவரும் ஆடாதவரும் செய்தது ஒரே காரியம். மகனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை அறைக்குத் திரும்பிய பிறகுதான் கவனித்தோம்.

இரண்டாம் நாள் ஏழாவது குழியில் முழங்கால் மறுத்துவிட்டது. ஆடாதவர் கிளப் வீட்டின் வெயிலில் அமர்ந்து காத்திருந்தார். முல்லைதான், ஆனால் ஐம்பது நிமிட முல்லை, தாங்கக்கூடியது. மூன்றாம் நாள் ஆய்வகத்தில், நூறாண்டுகளுக்கு மேலாக எடுத்துவரும் சூரியப் படங்களைப் பற்றி ஆடுபவர் கேட்ட கேள்விகளுக்கு அங்கிருந்த இளைஞர் பொறுமையாக விடை சொன்னார். திரும்பும் வழியில் நீலக்குறிஞ்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. 2006-இலும் 2018-இலும் பூத்தபோது எங்களால் வர இயலவில்லை. கணக்குப்படி அடுத்தது 2030. அப்போதும் கொடைக்கானலுக்கே வருவது என்று முடிவாகியிருக்கிறது. எத்தனை குழிகள் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.