``பழசுன்னு தூக்கிப் போடாதே... புதுசுன்னு நம்பிடாதே!'' - ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கண்டன்சர் தேடல்

`டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி கூடம் முழுக்க வெள்ளைப் புகை. மீன் கழுவிய தண்ணீர் போல ஒரு நாற்றம். அப்பா இரண்டடி பின்னால் துள்ளிவிட்டார். அதற்குச் சற்று முன்புவரை, ``ஓடுதான்னு பாக்கறேன்'' என்று மூடியைக் கழற்றிவிட்டு, அந்த ஆம்ப்ளிஃபையருக்கு நேர் மேலே குனிந்துகொண்டிருந்தார்.

அது தாத்தாவின் செட். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசக் கூழ் ஊற்றுதல் என எது நடந்தாலும் தாத்தாவின் மைக் செட்தான் பாடும். அவர் போய் 12 வருஷமாகிறது. அன்றிலிருந்து செட் பரணில்தான் கிடந்தது. ``இந்த ஆடிக்கு ஒருதரம் பாடவிடலாம்'' என்று அப்பா ஆசையாக இறக்கி, துடைத்து, நேராக பிளக்கில் சொருகினார். விளைவுதான் மேலே சொன்ன `டப்'.

ஊர் மெக்கானிக் வந்து பார்த்தார். ``மெயின் ஃபில்டர் கண்டன்சர் போயிடுச்சும்மா. 4,700 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட். இங்க கிடைக்காது. நீதான் மெட்ராஸ்ல இருக்கியே, ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் பாரு'' என்றார்.

கழற்றிய மூடியின் உள்பக்கம் பென்சிலில் தாத்தாவின் கையெழுத்து: `ரிச்சி ஸ்ட்ரீட், மெட்ராஸ். 9.7.1986. ரூ.1,450.' கீழே கடையின் பெயர்.

பிறந்த இடத்துக்கே வைத்தியத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று தோன்றியது. பெரிய செட்டைத் தூக்க முடியாது. வெடித்த கண்டன்சர், அதன் ஜோடியான இன்னொன்று, சர்க்யூட் போர்டு மூன்றையும் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன்.

தெருவுக்குள் ஒரு நடை

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி ஸ்ட்ரீட். பெயர் ஒரு தெருவுக்குத்தான். ஆனால், பக்கத்து நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, கேசினோ தியேட்டர் பக்கம்வரை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஜனங்கள் `ரிச்சி' என்கிறார்கள்.

ரேடியோவுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் பார்ட்ஸ் விற்ற தெரு, பிறகு டி.வி, கம்ப்யூட்டர், செல்போன் என ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சட்டை மாற்றியிருக்கிறது. இப்போது எங்கு பார்த்தாலும் சி.சி.டி.வி கேமரா போர்டு. `மேடம் லேப்டாப்பா, டிஸ்ப்ளேவா?' என்று வாசலிலேயே கேட்கிறார்கள். ``கண்டன்சர்'' என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ``உள்ள போங்க'' என்று கை காட்டுகிறார்கள்.

மூன்றாவது கடையில் கிடைத்தது. பளபளவென்று நீல உறை. அதில் 4,700, 50 வோல்ட் என்று அச்சு. ஒன்று 120 ரூபாய். இரண்டு வாங்கினேன். ``டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமாண்ணே?'' என்று கேட்டதற்கு, ``புதுசும்மா, என்ன டெஸ்ட்டு?'' என்றார். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் என் பையிலிருந்து எட்டிப்பார்த்த பழைய போர்டைக் கவனித்திருக்கிறார். ``அசெம்பிள்டு செட்டா? மேல வாங்க, பாத்துத் தர்றேன்.'' அவர் ஆடியோ சர்வீஸ் செய்பவர். அறுபதைத் தாண்டிய வயது. தெருவில் எல்லோரும் அவரை `பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்கிற அளவில் ஒரு மாடிப்படி. ஏறினால் ஆம்ப்ளிஃபையர் குவியலுக்கு நடுவே ஒரு மேஜை.

உள்ளே என்ன இருக்கிறது?

வெடித்த கண்டன்சரைப் பாய் பிரித்துக் காட்டினார். உள்ளே பாய் சுருட்டின மாதிரி இரண்டு அலுமினியத் தகடுகள். நடுவே காகிதம். அந்தக் காகிதம் ஒரு ரசாயனத் திரவத்தில் ஊறியிருக்க வேண்டும். ஒரு தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம். மின்சாரம் பாயாமல் தடுத்துச் சேமித்து வைப்பது அந்தப் படலம்தான்.

``வீட்டு கரன்ட் ஏறி இறங்கி வரும். அதை டயோடு ஒரு பக்கமா திருப்பி விட்டாலும், செகண்டுக்கு 100 தடவை மேடு பள்ளம் இருக்கும். கண்டன்சர் தண்ணித் தொட்டி மாதிரி. மேட்டுல ரொப்பிக்கும், பள்ளத்துல குடுக்கும். தொட்டி காஞ்சுபோனா அந்த மேடு பள்ளம் ஸ்பீக்கர்ல `உம்ம்ம்'னு கேக்கும்.''

``ஆனா எங்களுது வெடிச்சிடுச்சே பாய்?''

``12 வருஷம் கரன்ட்டே காட்டாம வெச்சா அந்தப் படலம் பலவீனமாயிடும். திடீர்னு முழு வோல்டேஜ் குடுத்தா உள்ளுக்குள்ளயே கரன்ட் கசிஞ்சு, சூடாகி, ஆவியாகி... டப்! அப்பா முகத்துல படாம போச்சே, அல்லாவுக்கு நன்றி சொல்லு.''

அதுவரை எனக்கு அது ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம் வயிற்றைப் பிசைந்தது.

நீல உறைக்குள் ஒரு ரகசியம்

முதலில் நான் வாங்கிய `புதுசை' எடுத்து மீட்டரில் வைத்தார். 4,700 காட்ட வேண்டியது 1,900 காட்டியது. அடுத்து இ.எஸ்.ஆர் மீட்டர். கண்டன்சருக்குள் இருக்கும் மின்தடையை அளப்பது அது. இந்த அளவு கண்டன்சருக்கு 0.1 ஓமுக்குள் இருக்க வேண்டியது, 0.8 காட்டியது.

பாய் ஒன்றும் பேசாமல் பிளேடால் நீல உறையைக் கீறினார். உள்ளே இன்னொரு உறை. அதில் அச்சு: 2,200 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட். கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருந்த தடம். எதிலிருந்தோ கழற்றிய பழசுக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள்.

``இதை மாட்டியிருந்தா?''

ஒரு சீட்டில் கணக்குப் போட்டார். எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 24-0-24. அந்த 24-ஐ 1.4-ஆல் பெருக்கினால் கண்டன்சருக்கு வருவது சுமார் 34 வோல்ட். வீட்டில் 230-க்குப் பதில் 250 வோல்ட் வரும் நாளில் அது 37-ஐத் தொடும். 35 வோல்ட் கண்டன்சர் தாங்காது. மறுபடியும் ஒரு `டப்'.

கீழே போய்க் கடைக்காரரிடம் கேட்டேன். ``டெஸ்ட் பண்ணி வாங்கியிருக்கணும்மா'' என்றார். அரை மணி நேரத்துக்கு முன் `என்ன டெஸ்ட்டு?' என்று கேட்ட அதே வாய். பணம் திரும்பி வரவில்லை.

உயிர் பிழைத்த பழசு

ஆச்சர்யம் அடுத்து நடந்தது. வெடிக்காத பழைய ஜோடியை எடுத்தார் பாய். உறையில் 8609 என்று ஓர் எண். ``86-ம் வருஷம், 9-வது வாரம் செஞ்சது. மாசி மாசம்'' என்றார். நான் பிறப்பதற்கு முன், அப்பாவுக்கு மீசை முளைக்காத காலம்.

அதை பவர் சப்ளையோடு நேராக இணைக்கவில்லை. நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, 5 வோல்ட்டில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக 34 வரை ஏற்றினார். ரெசிஸ்டரின் இரு முனையில் எவ்வளவு வோல்ட் நிற்கிறதோ, அதை வைத்துக் கசிவைச் சொல்லிவிடலாம். 1 வோல்ட் நின்றால் 0.1 மில்லி ஆம்பியர். 34 வைத்ததும் 20 வோல்ட் நின்றது. அதாவது 2 மில்லி ஆம்பியர் கசிவு. ``இரு, அதுக்கே ஞாபகம் வரும்'' என்றார் பாய். ஒன்றரை மணி நேரத்தில் அது 3 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. மெதுவாகக் கரன்ட் கொடுத்தால், தேய்ந்த ஆக்சைடு படலம் தானே திரும்ப வளருமாம். பிறகு அளந்தால் 4,300 மைக்ரோ ஃபாரட். 38 வருஷத்துக்கும் மேலான பழசு, இன்று வாங்கிய `புதுசை' ஜெயித்துவிட்டது!

போர்டில் 17 சின்னக் கண்டன்சர்கள். ஒவ்வொன்றாக அளந்ததில் 6 மட்டும் காலி. ஆறும் டிரான்சிஸ்டர் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தவை. ``10 டிகிரி சூடு கூடினா ஆயுசு பாதி. வயசைவிட சூடுதான் இதுக்கு எமன்'' என்றார். மீதி 11-ஐ அப்படியே விட்டார். ``நல்லா இருக்கறதை ஏம்மா புடுங்கணும்?''

ஆனால் மெயின் ஃபில்டரில் மட்டும் ஜோடியாகவே இரண்டு புதியவை போடச் சொன்னார். ``ஒண்ணு இளசு, ஒண்ணு கிழடுன்னு வண்டியில மாடு பூட்டக் கூடாது.'' தெரிந்த கடையிலிருந்து 63 வோல்ட், 105 டிகிரி தாங்கும் கண்டன்சர்கள் வாங்கி, என் கண் முன்னால் அளந்துதான் கொடுத்தார். ஒன்று 220 ரூபாய்.

கிளம்பும்போது தாத்தா எழுதிவைத்த கடைப் பெயரைக் காட்டினேன். ஜன்னலைத் திறந்து எதிரே காட்டினார். செல்போன் கவர்கள் தோரணமாகத் தொங்கும் ஒரு கடை. ``அந்த இடம்தான். அவங்க கடையை மூடி ரொம்ப வருஷமாச்சு. அங்கதான் நான் ஈயம் பத்தவெக்கக் கத்துக்கிட்டேன்.'' மேஜை மேலிருந்த போர்டைப் பார்த்தார். ``இதுகூட என் கையாவே இருக்கலாம். யாருக்குத் தெரியும்?''

நீங்கள் வாங்கப் போகிறீர்களா?

* பரணிலிருந்து இறக்கிய செட்டை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, சீரிஸ் பல்பு வழியாகக் கரன்ட் கொடுக்கச் சொல்லுங்கள்.
* ஸ்விட்சை அணைத்த பிறகும் பெரிய கண்டன்சரில் கரன்ட் நிற்கும். அதை ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொட வேண்டும்.
* மேல்மூடி உப்பியிருந்தாலோ, அடியில் ஈரம் கசிந்திருந்தாலோ விலை பேசவே வேண்டாம்.
* கால்களில் ஈயத் தடம், இரட்டை உறை இருந்தால் அது கழற்றிய சரக்கு.
* மைக்ரோ ஃபாரட் மட்டும் அளந்தால் போதாது. இ.எஸ்.ஆர், கசிவு இரண்டும் பார்க்க வேண்டும்.
* மாற்றும்போது வோல்ட் அளவு பழையதற்குச் சமமாக அல்லது அதிகமாக இருக்கலாம். குறையக் கூடாது. மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று பார்த்து மாட்ட வேண்டும்.

மைக் டெஸ்ட்டிங்

அடுத்த ஞாயிறு ஊரில் எல்லாவற்றையும் மெக்கானிக் பொருத்தினார். வழியில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். ஒரு நொடி எரிந்து மங்கினால் சரி. எல்லோரும் பல்பையே பார்த்தோம். இந்த முறை அப்பா கதவோரமாக நின்றார்.

எரிந்தது. மங்கியது.

ஸ்பீக்கரில் `உம்ம்ம்' இல்லை. அப்பா மெதுவாகக் கிட்டே வந்து மைக்கை எடுத்தார். தொண்டையைச் செருமினார். ``ஹலோ... மைக் டெஸ்ட்டிங்... ஒன்... டூ... த்ரீ...'' அச்சு அசல் தாத்தாவின் அதே இழுவை.

அடுப்படியிலிருந்து ஆயாவின் குரல் வந்தது: ``சவுண்டைக் கொறைடா! பக்கத்து வீட்ல புள்ள தூங்குது!''

அப்பா சவுண்டைக் குறைக்கவில்லை. ஆயாவும் மறுபடி சொல்லவில்லை.