செப்பேடும் டேப்பும்

திருமலைக் கோயிலில் உண்டியலுக்கு அருகே சங்கீர்த்தன பண்டாரம் என்னும் சிற்றறை ஒன்று உண்டு. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரும் அவர் வழியினரும் பாடிய பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்று அதனுள் வைக்கப்பட்டிருந்தன. நாளடைவில் உலகம் அவற்றை மறந்தது. 1922-இல் அவை மீண்டும் வெளிப்பட்டபோது ஏடுகளின் தொகை இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தது. அக்கோயிலின் சுவர்களிலோ நம் தமிழ்க் கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. 13-ஆம் நூற்றாண்டில் வீரநரசிங்க யாதவராயர் காலத்தில் திருப்பணி நடைபெற்றபொழுது, பழைய சுவரில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மறுபடியும் வெட்டுவித்தார்கள். சுவரை இடிப்பதற்கு முன் எழுத்தைக் காத்த அவர்களுடைய முன்யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இன்றைய ஏடு வேறு வகையானது. 2022 டிசம்பரில் ஆந்திர அரசு தன் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு பயிலும் மாணவர்க்கும், கற்பிக்கும் ஆசிரியர்க்குமாக ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட டேப்புகளை வழங்கியது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே வாங்கித் தருகின்றனர். திருப்பதியில் வாழும் என் தமக்கையாரின் கொள்ளுப்பேத்திக்கும் அவ்வாறு ஒன்று வாய்த்தது.

"உங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரின் வாழ்க்கையை அவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வருக" என்று பள்ளியில் பணித்தார்கள். அவள் சித்தூருக்கு வந்து என் தமக்கையாரின் அருகில் இரண்டு நாள் அமர்ந்தாள். 'அவ்வா' என்றே அவரை அழைப்பாள். அது தெலுங்குச் சொல் என்று குறை காணும் அன்பர்கள் நம்முள் உண்டு. சித்தூர்த் தமிழர் வீடுகளில் அச்சொல் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வருகிறது. அதனால் நம் தமிழ் தேய்ந்துவிடவில்லை.

தமக்கையார் பிறந்தது திருத்தணியில். 1957-இல் மணமுடித்து வந்தது சித்தூருக்கு. அப்போது இரண்டும் ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தன. 1960 ஏப்ரல் முதல் நாள் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. பிறந்தகம் ஒரு மாநிலம், புக்ககம் மற்றொரு மாநிலம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபின் கொள்ளுப்பேத்தியின் வீடும் வேறு மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வளவு முறை நகர்ந்தும் அந்த அம்மையார் குடியிருந்த தெரு மட்டும் நகரவில்லை.

கட்டுரை எழுதி முடித்த சில நாட்களில் தமக்கையாரைப் பக்கவாதம் தாக்கியது, பேச்சு குழறிப்போயிற்று. அதே வாரத்தில், பெண்ணின் தம்பி, ஆறு வயதுப் பாலகன், டேப்பில் திறந்திருந்த பக்கங்களை முழுவதும் அழித்துத் தன் பெயரை முப்பது நாற்பது தடவை தட்டிவைத்தான். தானே சேமித்துக்கொள்ளும் அந்தச் செயலி அதையும் உண்மையாகச் சேமித்துக்கொண்டது. மீண்டும் கேட்டு எழுதலாம் என்றால், சொல்லுவதற்கு வாய் இல்லை. அந்தக் குழந்தை இரவெல்லாம் அழுதது.

பேருந்து நிலையத்துக்கு அருகில் கைபேசி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் பொறுமையுடன் விளக்கினார். பழைய கணினியில் ஒரு கோப்பை நீக்கினால், நூலகத்தில் அட்டவணைச் சீட்டை மட்டும் கிழிப்பது போன்றது. புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். அதன் இடத்தில் வேறொன்று வந்து அமரும்வரை தேடி எடுக்கலாம். இக்காலக் கருவிகளிலோ கோப்புகள் மறைகுறியாக்கப்பட்டே உள்ளன. காலியான இடத்தையும் கருவியே துடைத்துவிடுகிறது. ஆகவே கருவிக்குள் தோண்டுவதால் பயனில்லை என்றார். குப்பைத்தொட்டியில் நீக்கிய கோப்பு முப்பது நாள் இருக்கும் என்பதும் அவர் சொன்னதே. ஆனால் இங்கே கோப்பு நீக்கப்படவில்லை. உள்ளிருந்த எழுத்துத்தான் போயிற்று.

அங்கேதான் வழி பிறந்தது. அவள் எழுதியது கூகுள் ஆவணத்தில். அதன் எழுத்து டேப்பில் மட்டுமன்றித் தொலைவிலுள்ள சேமிப்பகத்திலும் அவ்வப்போது பதிவாகிக்கொண்டே இருக்கும். வீட்டுக் கணினியில் அந்த ஆவணத்தைத் திறந்து, 'பதிப்பு வரலாறு' என்னும் பகுதியைத் தேடிப் பார்க்கச் சொன்னார் இளைஞர். திறந்தவுடன் நாள்வாரியாக, மணிவாரியாக ஒரு பட்டியல் நின்றது. பாலகன் கைவைப்பதற்கு முந்தைய பதிப்பைத் தேர்ந்து 'மீட்டமை' என்று அழுத்தியவுடன் கட்டுரை வந்து சேர்ந்தது.

அத்துடன் முடிந்திருந்தால் நான் இதனை எழுதியிருக்க மாட்டேன். பள்ளிக்குத் தர வேண்டியது தெலுங்குக் கட்டுரை. பெண் முதலில் அவ்வா சொன்னதைச் சொன்னபடியே தமிழில் எழுதி, பத்தி பத்தியாகத் தெலுங்காக்கி, ஆக்கி முடிந்த தமிழ்ப் பத்தியை அவ்வப்போது நீக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். நாங்கள் இழந்ததாக எண்ணி வருந்திய கட்டுரையில் தமிழே இல்லை! பழைய பதிப்புகளைப் பின்னோக்கித் திறக்கத் திறக்க, அடித்த கோட்டின் கீழே நிறம் மாறி ஒவ்வொரு தமிழ்ப் பத்தியாக எழுந்து வந்தது. "நான் எங்கயும் போகலடி, எங்க ஊருதான் என்னை விட்டுப் போச்சு" என்ற வரி முதல் நாள் பதிப்பில் இருந்தது. தெலுங்கில் அது, '1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் இணைக்கப்பட்டது' என்று ஒழுங்காக ஆகியிருந்தது. பள்ளி ஆசிரியர்க்கு இரண்டாவதே உகந்தது, அதில் பிழையுமில்லை.

தமிழ்ப் பத்திகளைத் தனியே தொகுத்து ஏழு பக்கம் அச்செடுத்தோம். சித்தூர் வீட்டில் ஒன்று, திருப்பதியில் ஒன்று, பெங்களூரில் இருக்கும் என் மருமகனிடம் ஒன்று. சென்ற மாதம் அவள் அதைத் தமக்கையாருக்கு முழுவதும் படித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். சீர்வரிசையுடன் புக்ககம் வந்த பயணத்தைச் சொல்லும் இடத்தில் மட்டும் தலையை அசைத்து மறுத்தார். எது தவறு, ஊரா, நாளா, உடன் வந்தவரா என்று மும்முறை வினவியும் எங்களுக்கு விளங்கவில்லை. அவ்வரியின் ஓரத்தில் அவள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறாள்.