ஈருள்ளி

எங்கள் பக்கத்தில் வெங்காயத்தில் இரண்டு ஜாதி உண்டு. பெரியது பல்லாரி, கர்நாடகத்து ஊரின் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. சின்னது ஈருள்ளி. பல்லாரி விருந்தாளி; ஈருள்ளி வீட்டு மனுஷி. பழைய கஞ்சிக்குப் பல்லாரியைக் கடித்துக்கொள்கிறவனை ஆனைக்குட்டத்தில் யாரும் பெரிதாக மதிப்பதாகத் தெரியவில்லை.

பல்லாரிக்கு விதை வாங்க வேண்டும். ஈருள்ளிக்கு அந்தக் கவலை இல்லை. காயையே நட்டால் அது மண்ணுக்குள் பிரிந்து ஐந்தாறு காய்களாகக் கொத்தாய்த் திரளும். (விதையிலிருந்து முளைக்கும் கோ-5 என்ற ரகத்தையும் கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குக் காயே போதும்.) ஆகவே இந்த வருஷம் பிடுங்குவது போன வருஷம் நட்ட அதே உள்ளியேதான். அடுத்த வீட்டுப் பாட்டியின் புறக்கடையில் நிற்பது அவளுடைய மாமியார் நட்டது என்று சொன்னால் அதில் பொய்யில்லை.

கரிசலுக்குப் பிடித்த தண்ணீரை விடத் தெரியாது; நீர் தேங்கினால் உள்ளி அழுகிவிடும். மணலும் மக்கின சாணமும் கலந்து, பாத்தியை உயர்த்திக் கட்டி, அரைச் சாண் இடைவெளியில் நட வேண்டும். மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். தாளை ஒன்றிரண்டு கிள்ளிப் பொரியல் செய்யலாம்; அதிகம் கிள்ளினால் காய் சிறுத்துவிடும். அறுபது, எழுபது நாளில் தாள் தானாகச் சாயும். பிடுங்கி நிழலில் உலர்த்தி, தாளோடு முடிந்து காற்றாடத் தொங்கவிட வேண்டும். பிடுங்கின சூட்டோடு நட்டால் சரியாக முளைக்காது. இரண்டு மாதம் தூங்கி எழ வேண்டும், நம்மில் சிலரைப் போல.

2018 அக்டோபரில் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே சிவகாசி வட்டாரத்து ஆலைகள் மூடின, மாதக்கணக்கில் திறக்கவில்லை. பாட்டியின் மருமகள் ஆலை வேலைக்குப் போகிறவள். அவள் கம்மல் அடகுக்குப் போயிற்று.

மறு வருஷம் ஐப்பசியில் பாட்டி ஒன்றரை சென்ட் உள்ளி போட்டாள். அந்த டிசம்பரில்தான் சின்ன வெங்காயம் கிலோ 150 ரூபாயைத் தாண்டியது. ஏற்றுமதியைச் செப்டம்பரிலேயே தடை செய்தும் விலை இறங்கவில்லை. பாத்தியில் காய் பாதி முற்றியிருந்தது.

"அத்தே, இப்பவே பிடுங்கி வித்துருவோம். தையில விலை என்னமா இருக்குமோ" என்றாள் மருமகள்.

பாட்டி ஒரு நாள் முழுவதும் பேசவில்லை. மறுநாள் காலை அவளே பிடுங்க உட்கார்ந்தாள். கடைசிப் பாத்திக்கு வந்ததும் எழுந்து கையைக் கழுவிவிட்டாள். முற்றாத காய் விதைக்கு உதவாது.

"இதுவும் ரெண்டாயிரம் பெறும், அத்தே."

"பெறும். வைகாசியில யாரு வீட்டுல போயி விதைக்கு நிக்கச் சொல்லுத?"

மருமகள் எனக்குக் கேட்கும்படியாகவே முணுமுணுத்தாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது. வட்டிக்காரன் வைகாசி வரை காத்திருக்க மாட்டான். ஆனாலும் அந்தப் பாத்தியை அவள் தொடவில்லை. கம்மல் பொங்கலுக்கு முன் வீடு திரும்பியது.

வைகாசியில் எனக்கும் விதை உள்ளி வந்தது. கொண்டுவந்தவள் மருமகள்தான். 42 காய். எண்ணிக் கொடுத்தாள்.