ஒரு கிலோ பொடியும் ஓர் உளூவின் நீரும்

எங்கள் இளைய மகள் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கி மூன்றாண்டுகள் நிறையப் போகின்றன. இக்காலத்தில் எந்த வலீமா விருந்துக்குச் சென்றாலும் எங்களை நோக்கி வரும் வினா ஒன்றே: "பிள்ளை அப்படி என்னதான் படிக்குது?" கேட்பவர்கள் அன்புடன்தான் கேட்கிறார்கள். மருத்துவம் என்றால் ஒரு சொல்லில் விடை முடிந்துவிடும். "பலபடித்தான வினையூக்கம்" என்று சொன்னால் பிரியாணிச் சஹன் முன்னே ஒரு கணம் மௌனம் நிலவுகிறது. பிறகு அடுத்த வினா வருகிறது: "இன்னும் எத்தனை வருஷம்?"

முதல் வினாவுக்கு விடை சொல்ல நாங்கள் இருவரும் மகளிடமே பாடம் கேட்டோம். தான் செலவாகிப் போகாமல், பிற பொருள்களின் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளே வினையூக்கி. அது திடப்பொருளாகவும், வினைபுரிபவை வாயுவாகவோ நீர்மமாகவோ இருந்தால் அது பலபடித்தான வினையூக்கம். பெயர்தான் கடினம், பொருள் நம் வீடுகளுக்குப் பழகியதே. ஒருகாலத்தில் நம் சமையலறைகளில் இருந்த வனஸ்பதி, நீர்மமான எண்ணெயில் நிக்கல் தூளின் துணையோடு ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கியது. வயலுக்கு இடும் யூரியாவின் மூலமான அம்மோனியா, இரும்பின் மேற்பரப்பில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கூடிப் பிறப்பது. காரின் புகைக்குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை நச்சுப் புகையைத் தணிக்கின்றன. எல்லா வேலையும் மேற்பரப்பில்தான் நடக்கிறது. ஆகவே, குறைந்த எடையில் மிகுந்த பரப்பை உண்டாக்குவது எப்படி என்பது இத்துறையினரின் ஓயாத கவலை.

அந்தக் கவலைக்கு விடை தேடியவர்களுள் ஒருவரின் வாழ்க்கையை அறிந்தபின்தான் இரண்டாம் வினாவுக்கு எங்களிடம் ஒரு பதில் உருவாயிற்று.

உமர் யாகி 1965ஆம் ஆண்டு ஜோர்தானின் அம்மான் நகரில், ஃபலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தார். ஒரே சிறிய அறையில் ஏறத்தாழப் பன்னிரண்டு பேர், உடன் அவர்கள் வளர்த்த கால்நடைகள். தந்தையார் ஆறாம் வகுப்போடு நிறுத்தியவர். தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குழாய் நீர் நாள்கணக்கில் வராது. வந்தாலும் சில மணி நேரமே. அதற்குள் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வயதில் பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது மூலக்கூறுகளின் படங்கள் அவர் கண்ணில் பட்டன. இன்னதென்று விளங்காமலேயே அவற்றின் அழகு அவரைப் பற்றிக்கொண்டதாம். பதினைந்து வயதில், தந்தையாரின் வற்புறுத்தலால் அமெரிக்கா சென்றார். கடையில் பொருள்களைப் பையில் இட்டுக் கொடுத்தும், தரை துடைத்தும், சமுதாயக் கல்லூரி ஒன்றில் படிப்பைத் தொடங்கினார். 1990இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1992இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. பிறர் நூறு முறையேனும் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வுக் கட்டுரையை எழுதிவிட வேண்டும் என்பதே அன்று தம் கனவாக இருந்தது என்று பின்னாளில் கூறியிருக்கிறார்.

அவர் செய்ததை எங்களுக்கு விளங்கியவரை சொல்கிறோம். கட்டடத் தொழிலாளர் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முடிச்சு விழும் இடங்களில் உலோக அணுக்கொத்துகள், மூங்கில் கழிகளாகக் கரிம மூலக்கூறுகள். இப்படிக் கட்டப்பட்ட படிகத்தின் உள்ளே எங்கும் வெற்றிடமே. இதற்கு உலோக-கரிமச் சட்டகம் என்று பெயர். உள்ளிருப்பதை வெளியேற்றினால் சாரம் சரிந்துவிடும் என்பதே அன்றைய பொது எண்ணம். 1999இல் அவர் வெளியிட்ட எம்.ஓ.எஃப்-5, உள்ளே ஒன்றுமில்லாத நிலையில் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் சரியாமல் நின்றது. அதன் முடிச்சு துத்தநாகம். கழியோ டெரிப்தாலிக் அமிலம். நாம் குடித்துவிட்டு எறியும் தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக்கும் அதிலிருந்தே செய்யப்படுகிறது. அப்பொடியில் இரண்டு மூன்று கிராம் எடுத்து அதன் உட்பரப்பை விரித்தால் ஒரு கால்பந்துத் திடலை மூடிவிடலாம்.

ஆயினும் அதற்கும் ஒரு பலவீனம் இருந்தது: காற்றின் ஈரமே அதைச் சிதைத்துவிடும். ஈரத்தைத் தாங்கும் சட்டகங்கள் சிர்க்கோனியத்தாலும் அலுமினியத்தாலும் பின்னர் அமைந்தன. 2015இல் அவரும் பெர்க்லியில் அவருடைய சக ஆய்வாளர்களும் கோபால்ட் பொதிந்த ஒரு கரிமச் சட்டகத்தை வினையூக்கியாக்கி, நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தின் துணையால் கார்பன் மோனாக்சைடாக மாற்றிக் காட்டினார்கள். எரிபொருளுக்கும் பிற வேதிப்பொருள்களுக்கும் மூலமாகக் கூடியது அது. கழிவென்று வானில் விடுவதை மீண்டும் பொருளாக்கும் இந்த வழியில்தான் எங்கள் மகளின் ஆய்வும் செல்கிறது.

எங்களை மிகவும் நெகிழச் செய்தது வேறொன்று. இரவில் பாலைவனக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பகல் வெயிலில் நீராக விடும் சட்டகங்களை அவர் குழுவினர் உருவாக்கினார்கள். அமெரிக்காவின் மொஹாவிப் பாலைவனத்தில் அலுமினியச் சட்டகத்தைக் கொண்டு சோதித்தபோது, ஒரு கிலோ பொடிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.7 லிட்டர் நீர் கிடைத்தது. இந்த அளவைப் படித்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் உளூச் செய்வார்கள் என்று மதரஸாவில் படித்திருக்கிறோம். முத்து என்பது நடுத்தரமான இரு கைகள் கொள்ளும் அளவு. லிட்டர் கணக்கில் இதே அளவை ஒட்டியதுதான். பாலைவனத்தில், காற்றைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், ஒரு கிலோ பொடி நாள்தோறும் ஓர் உளூவுக்குப் போதுமான நீரைத் தருகிறது. குழாய் நீருக்காகக் காத்திருந்த சிறுவன் இந்த இடத்துக்கு வந்துசேர, ஆசிரியப் பணியை ஏற்ற நாளிலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

2025 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. விமானம் மாறுவதற்காக ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இருந்தபோது செய்தி அவரை எட்டியதாம். அன்று மாலைக்குள் எங்கள் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்கள் நிரம்பிவிட்டன. ஃபலஸ்தீனர் என்றனர் சிலர், ஜோர்தானியர் என்றனர் சிலர். 2021இல் சவூதி குடியுரிமை பெற்றவர் என்று திருத்தினர் வேறு சிலர். மகிழ்ச்சி எங்களுக்கும்தான். ஆனால் அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட கியோத்தோவின் சுசுமு கிதகாவா, மெல்போர்னின் ரிச்சர்ட் ராப்சன் ஆகியோரின் பெயரைச் சொல்லாமல் விடுவது நம் மார்க்கம் கற்பித்த நீதியும் அன்று. ராப்சன் 1974இல் மாணவர்களுக்குப் பாடம் நடத்த மரப்பந்துகளில் துளையிடச் செய்தவர். அந்தத் துளைகளின் கோணங்களே மூலக்கூறுகள் எப்படி இணைய வேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றன எனக் கண்டார். அந்த எண்ணம் 1989இல்தான் ஆய்வுக் கட்டுரையாயிற்று. இடையில் பதினைந்தாண்டுகள்! "இன்னும் எத்தனை வருஷம்?" என்று அவரிடமும் எவரேனும் கேட்டிருக்கக்கூடும்.

இப்போது எங்கள் வீட்டு விஷயம். சென்ற மாதம் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மார்க்கப் பற்றுள்ள குடும்பம். மாப்பிள்ளை நற்குணமுடையவர் என்று விசாரித்தவர்கள் அனைவரும் கூறினார்கள். மஹர் பற்றியோ சீர் பற்றியோ அவர்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்கள்: நிக்காஹ் ஷவ்வாலில், அத்தோடு ஆய்வு நிற்கட்டும். எண்பத்திரண்டு வயதாகும் அவளுடைய நன்னிக்கோ, பேத்தியின் நிக்காஹைக் கண்ணாரக் காண வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை. அந்த ஆசையைச் சிறிதென்று சொல்ல எங்களுக்கு மனமில்லை.

மகளிடம் கேட்டோம். "அத்தா, நிக்காஹ் வேணாம்னு நான் சொல்லல. என் பொடி நாப்பது மணி நேரத்துல செயலிழந்து போகுது. ஏன் போகுதுன்னு கண்டுபிடிக்க ரெண்டு வருஷம் வேணும். நடுவுல விட்டா இந்த மூணு வருஷமும் யாருக்கும் பயன்படாது" என்றாள். அழவும் இல்லை, வாதாடவும் இல்லை.

நாங்கள் இருவரும் இஸ்திகாராத் தொழுதோம். இரண்டு இரவுகள் பேசினோம். ஷவ்வாலிலேயே நிக்காஹை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆய்வு தொடர வேண்டும், அதை இரு வீட்டாரும் முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும் என்று தரகர் வழியாக அல்லாமல் நேரில் சென்று சொன்னோம். மாப்பிள்ளையின் தாயார் முகம் சற்று மாறிற்று. மாப்பிள்ளை மட்டும், அது என்ன ஆய்வு என்று கேட்டார். காரின் புகைக்குழாயிலிருந்து தொடங்கி, எங்களுக்குத் தெரிந்தவரை சொன்னோம். கலந்து பேசிச் சொல்வதாக வழியனுப்பினார்கள்.

பதினோரு நாள்களாகின்றன. நன்னி மஃரிபு தொழுகைக்குப் பின் தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டே எங்களிடம், "அவங்க போன் பண்ணாங்களா?" என்று கேட்கிறார். இல்லை என்கிறோம். பிறகு மகளுக்குப் போன் போட்டுத் தரச் சொல்லி அவளிடம் கேட்கிறார்: "நாப்பது மணி நேரம் தாண்டுச்சா, தாயி?"